லாசன்: வயது வரிசையில் ஒரு மலைநடை
(கோடைகாலப் பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேசப்போகும் மலைக்கு வயது ஏறத்தாழ 27,000 ஆண்டுகள்தான். நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் மனிதர்கள் கல்லைக் கொத்திக் கைக்கோடரி செய்த காலம் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தியது என்று அகழாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கைகள் வேலை செய்துகொண்டிருந்தபோது இந்த மலை இல்லை. இதற்கு முன்பு இதே பகுதியில் நின்ற பெரிய மலையும் பிறந்திருக்கவில்லை. மனிதரைவிட வயதில் மிகவும் சிறிய மலை இது. பெயர் லாசன் சிகரம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வடகிழக்குப் பகுதியில் இருக்கிறது. உயரம் 3,187 மீட்டர். டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறி, பிற குடியேறிகளுக்கு வழிகாட்டிய பீட்டர் லாசன் என்ற கொல்லரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. சுற்றியுள்ள நிலம் 1916 ஆகஸ்ட் 9 முதல் தேசியப் பூங்கா.

கோடையில் என் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனோடு அங்கே சில நாள் நடந்தேன். குறுகிய பயணம்தான். குறுகிய பயணம் என்றால் பார்க்க வேண்டியதற்கெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக முடித்துவிட்டுத் திரும்புவதுதான் நம் வழக்கம். இந்தப் பூங்காவுக்கு அந்த முறை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இதை வயதுப்படி நடக்க வேண்டும்: முதியதில் தொடங்கி இளையதற்கு வர வேண்டும். அப்படி நடந்தால் சில நாளிலேயே ஆறு லட்சம் ஆண்டுகளைக் காலால் கடந்துவிடலாம். நல்லவேளையாக, பூங்காவின் தென்மேற்கு வாயிலிலிருந்து வடமேற்கு வாயில் வரை போகும் ஏறத்தாழ 48 கிலோமீட்டர் சாலை, ஓரிடம் தவிர, அந்த வரிசையிலேயே நம்மைக் கொண்டுபோகிறது.

முதலில் ஒரு சிறு விளக்கம். பசிபிக் கடலடித் தரையின் ஒரு துண்டு, கோர்டா தட்டு என்பார்கள், வட அமெரிக்கக் கண்டத்துக்குக் கீழே மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. ஆழத்துக்குப் போகும்போது அதில் சிறைப்பட்ட நீர் வெளியேறி மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை, கலக்காத பாறையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். அந்த உருகல்தான் மேலெழுந்து எரிமலையாகிறது. கனடாவில் தொடங்கித் தெற்கே வரும் காஸ்கேட் எரிமலைத் தொடருக்கு இப்படித்தான் உயிர் வந்தது. அந்தத் தொடரில் இன்னும் உயிரோடிருக்கும் எரிமலைகளில் தென்கோடியில் இருப்பது லாசன்.

தென்மேற்கு வாயிலில் உள்ள பார்வையாளர் மையத்துக்குக் கோம் யா-மா-நீ என்று பெயர். மலைவாழ் மைடு மக்கள் இந்தச் சிகரத்துக்கு வைத்த பெயர் அது. பனிமலை என்று பொருள். லாசன் என்ற கொல்லர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே கோடைதோறும் வந்தவர்கள் மைடு, யானா, யாஹி, அட்சுகேவி என்ற நான்கு மக்கள். குளிர்காலத்தில் இங்கே தங்க முடியாது. பனி அந்த அளவுக்கு விழும். கோடையில் வேட்டைக்கும் கிழங்கு விதைகளுக்கும் மேலே வருவார்கள், கூதல் தொடங்கியதும் இறங்கிவிடுவார்கள். இன்றைய பயணியும் அந்த ஒழுங்கைத்தான் பின்பற்ற வேண்டியிருக்கிறது. சாலையின் உச்சி 2,590 மீட்டருக்கு மேல். பனியை வெட்டி அகற்றி அதைத் திறக்கச் சில ஆண்டுகளில் ஜூலை ஆகிவிடுகிறது. நாங்கள் போனது ஜூலைக் கடைசியில். அப்போதும் சாலையோரச் சரிவுகளில் அழுக்கேறிய பனி கிடந்தது.

வாயிலைத் தாண்டியதும் கந்தக வாடை வருகிறது. அந்த இடத்துக்குச் சல்ஃபர் வொர்க்ஸ் என்று பெயர். 1860களில் அங்கே கந்தகம் எடுத்தார்கள். இன்று சாலையோரத்திலேயே சேறு கொதித்துக்கொண்டிருக்கிறது. பலரும் காரை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் அங்கே அரைமணி நேரமாவது நிற்கச் சொல்வேன். காரணம், நாம் நிற்கும் அந்த இடம் ஒரு மலையின் வயிறு. சுற்றிலும் பாருங்கள்: மேற்கே புரோக்காஃப் மலை, வடக்கே டில்லர் மலை, இன்னும் சில முகடுகள். தனித்தனி மலைகளாகத் தோன்றும் இவை எல்லாம் ஒரே எரிமலையின் எஞ்சிய விளிம்புகள். ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் வளரத் தொடங்கி, நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்த எரிமலை அது. இன்றைய லாசனைவிட உயரமாக இருந்தது. அந்த விளிம்புகளின் சரிவைக் கண்ணால் மேல்நோக்கி நீட்டிக்கொண்டே போனால், நம் தலைக்கு மேலே, வெறும் ஆகாயத்தில் அவை சந்திக்கும் இடத்தில் அதன் உச்சி இருந்திருக்கும்.

அந்த மலை எங்கே போனது? வெடித்துச் சிதறியிருக்கும், அல்லது உள்ளே இடிந்து விழுந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். நடந்தது வேறு. உள்ளிருந்து வந்த அமிலம் கலந்த வெந்நீரும் ஆவியும் மலையின் நடுப்பகுதிப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக மாற்றின. இளகிப்போன அந்த வயிற்றைப் பனியாறுகள் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டன. கெட்டியான விளிம்புகள் மட்டும் நின்றுவிட்டன. சாலையோரத்தில் கொதிக்கும் அந்தச் சேறு சாதாரணமானதல்ல. ஒரு மலையைக் கரைத்த வேலை இன்றும் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

இதை இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பம்பஸ் ஹெல் போக வேண்டும். சாலையிலிருந்து ஒரு வழிக்கு 2.4 கிலோமீட்டர் நடை. ஹெம்லாக் மரங்களுக்கிடையே பாதை போகிறது, அதிக ஏற்றம் இல்லை. முதலில் ஓர் இரைச்சல் கேட்கும். காற்றாக இருக்கும் என்று நினைத்து நடப்போம். வளைவு திரும்பியதும் கீழே ஒரு வெளுத்த பள்ளத்தாக்கு விரிகிறது. 16 ஏக்கர் பரப்பில் ஒரு புல்கூட இல்லை. வெள்ளை, மஞ்சள், காவி, சாம்பல் என்று தரை பல நிறமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது. நடுவே பால் கலந்த நீல நிறத்தில் குளங்கள் இருக்கின்றன. அவற்றின் கரையிலும் அடியிலும் பைரைட் என்னும் இரும்புக் கந்தகப் படிகங்கள் படிந்து, வெயில் படும்போது பொன்னிறமாக மினுக்குகின்றன. மஞ்சள் கந்தகத்தால் வந்தது, காவி இரும்பால் வந்தது. வெள்ளை, பாறை வெந்து ஆன களிமண்.

இந்த வெப்பத்துக்கு எரிமலைக்குழம்பு மேலே வந்திருக்க வேண்டியதில்லை. மழையும் உருகிய பனியும் தரைக்குள் இறங்குகின்றன. ஆழத்தில் இன்னும் ஆறாத பாறையைத் தொட்டு ஆவியாகி மேலே வருகின்றன. வரும் வழியில் முட்டைநாற்ற வாயு காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆனால் பிக் பாய்லர் என்ற பெரிய ஆவித்துளையில் 161 பாகை வரை அளந்திருக்கிறார்கள். மேலே சொன்ன இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது. உலகத்தின் மிகச் சூடான ஆவித்துளைகளில் ஒன்று என்று அதை மதிப்பிடுகிறார்கள்.

பம்பஸ் என்பவர் 1860களில் அந்தப் பக்கத்து வழிகாட்டி. இந்தப் பள்ளத்தாக்கை வெளியுலகுக்குக் காட்டியவர். மேலே உலர்ந்து கெட்டியாகத் தெரிந்த தரையில் கால் வைத்தார். அது மெல்லிய ஏடு. உடைந்து கால் கொதிசேற்றுக்குள் போனது. அந்தக் காலை அவர் இழந்தார். இன்று அங்கே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். "மாமா, பலகையை விட்டு ஒரு அடிகூட இறங்காதீங்க" என்று என் மருமகன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் சொன்னதையே நானும் உங்களுக்குச் சொல்கிறேன். அழகான படம் வேண்டும் என்பதற்காகப் பலகையை விட்டு இறங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தத் தரை நேற்று தாங்கியது என்பதற்காக இன்று தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமிலம் அதை ஒவ்வொரு நாளும் அரித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த நாள் விடிகாலையில் லாசன் சிகரத்துக்கு ஏறினோம். பாதை தொடங்கும் இடமே 2,590 மீட்டர் உயரம். அங்கிருந்து 4 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற வேண்டும். தூரத்தைப் பார்த்தால் சின்னதாகத்தான் தோன்றும். மூச்சு வேறு கணக்குச் சொல்லும். உச்சிக்கு அருகே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ எழுபது விழுக்காடுதான். நம்மூரில் கடற்கரையில் நடந்து பழகியவர்கள் மெல்ல ஏறுவதே முறை.

லாசன் எந்த வகை மலை என்பதை ஏறும்போதே கால் சொல்லிவிடுகிறது. வெல்லப்பாகு இளம்பதத்தில் இருந்தால் தட்டில் ஊற்றியதும் ஓடிப் பரவும், முற்றிய பதத்தில் ஊற்றினால் விழுந்த இடத்திலேயே குவிந்து நிற்கும். எரிமலைக்குழம்பும் அப்படித்தான். சிலிக்கா குறைந்த குழம்பு பல மைல் ஓடும். லாசனில் வந்தது டாசைட் என்ற சிலிக்கா மிகுந்த, கெட்டியான குழம்பு. அது ஓடவில்லை. வாயிலிலேயே குவிந்து, உள்ளிருந்து வந்தது மேலே தள்ளத் தள்ள உயர்ந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே மலை முழுவதும் எழும்பிவிட்டிருக்கக்கூடும் என்கிறார்கள் நிலவியலாளர்கள். குவிமாட எரிமலைகளில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று இது. குளிர்ந்த மேல்தோல் உடைந்து நாலாபுறமும் சரிந்த கற்கள்தான் இன்று நாம் மிதித்து ஏறும் சரிவு.

உயரம் கூடக்கூட மரம் குறைகிறது. கடைசியாகத் துணைக்கு வருபவை வெண்பட்டைப் பைன் மரங்கள். காற்றுக்கு வளைந்து, இடுப்பு உயரத்தில் படர்ந்து கிடக்கின்றன. இவற்றின் கூம்பு தானாக விரிந்து விதையைச் சிந்துவதில்லை. கிளார்க் நட்கிராக்கர் என்ற, காக்கை இனத்துச் சாம்பல்நிறப் பறவை அதைக் கொத்தித் திறக்கிறது. விதைகளை நாக்குக்கு அடியில் உள்ள பையில் அடக்கிக்கொண்டு போய், குளிர்காலத்துக்காக மண்ணில் ஆங்காங்கே சிலவாகப் புதைக்கிறது. ஒரு பறவை ஓர் ஆண்டில் பல்லாயிரம் விதைகளைப் புதைக்கும். புதைத்த இடங்களை வியக்கத்தக்க அளவில் நினைவில் வைத்திருந்து தோண்டியும் எடுக்கும். எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. இந்த மரத்தின் எதிர்காலம் ஒரு பறவையின் மறதியில் இருக்கிறது. நோயும் வண்டுகளும் வெப்பமும் சேர்ந்து தாக்கியதால் 2022இல் அமெரிக்க அரசு இந்த மரத்தை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. பாதையோரத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்து இளைப்பாறுகிறவர்களுக்கு அந்தப் பறவையின் கரகரத்த குரல் கட்டாயம் கேட்கும். உச்சியை எட்டும் அவசரத்தில் அதைத் தவறவிடாதீர்கள்.

இறங்கும்போது கீழே ஹெலன் ஏரி நீலமாகத் தெரியும். 1864இல் இந்தச் சிகரத்தில் ஏறிய ஹெலன் டானர் பிராட் என்ற பெண்ணின் பெயர் அந்த ஏரிக்கு. வடக்கே வெகுதூரத்தில் ஷாஸ்டா மலை வெள்ளைக் கூம்பாக நிற்கிறது. ஆனால் உச்சியில் பார்க்க வேண்டியது தொலைவை அல்ல, காலடியை. அங்கே கிடக்கும் கருத்த கரடுமுரடான பாறை 27,000 ஆண்டு வயதுடையது அல்ல. அது 1915இல் வந்தது. நம் தாத்தாக்களின் காலத்துப் பாறை.

அந்தக் கதைக்கு வருகிறேன். 1914 மே 30 அன்று லாசன் உச்சியில் முதல் ஆவி வெடிப்பு நடந்தது. அடுத்த ஓராண்டுக்குள் 180க்கும் மேற்பட்ட வெடிப்புகள் உச்சியைக் குடைந்து, 300 மீட்டர் அகலத்துக்குப் பள்ளமாக்கின. அந்த வட்டாரத்தில் வாழ்ந்த பி. எஃப். லூமிஸ் என்பவர் 1914 ஜூன் 14 அன்று கண்ணாடித் தகட்டு கேமராவோடு காத்திருந்தார். மலை வெடித்தது. புகை எழுந்து, விரிந்து, காற்றில் சாய்வது வரை அடுத்தடுத்து ஆறு படங்கள் எடுத்தார். அதே நாள் எரிமலை விளிம்புவரை ஏறியிருந்தவர்களில் ஒருவர் பறந்துவந்த கல்லால் அடிபட்டு, இறந்துவிட்டார் என்றே நினைக்கப்பட்டுப் பின் பிழைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்கள் அந்த மலையை அவ்வளவு அருகில் போய்ப் பார்க்க விரும்பினார்கள்.

1915 மே மாதத்தில் குழம்பே மேலே வந்து பள்ளத்தை நிரப்பியது. மே 19 இரவு அது உடைந்தது. கொதிக்கும் பாறைத்துண்டுகள் பனி மூடிய சரிவில் விழுந்து, பனியை உருக்கி, பாறையும் சேறும் மரங்களும் கலந்த வெள்ளமாகக் கீழே பாய்ந்தன. ஹேட் கிரீக் பள்ளத்தாக்கின் பண்ணைவீடுகளுக்கு வெள்ளம் வந்து சேர்ந்தது நள்ளிரவுக்குப் பின். நாய் குரைத்ததால் விழித்த ஒருவர் ஓடிப்போய் அடுத்த வீட்டாரை எழுப்பினார் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். வீடுகள் போயின, உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. மூன்று நாள் கழித்து, மே 22 மாலை நாலரை மணிக்குப் பெருவெடிப்பு. சாம்பல் தூண் 9 கிலோமீட்டருக்கு மேல் எழுந்தது. 240 கிலோமீட்டர் மேற்கே கடலோரத்தில் உள்ள யுரேகா நகரத்திலிருந்தும் அது தெரிந்தது. கிழக்கே 320 கிலோமீட்டர் தள்ளி நெவாடா மாநிலத்தில் சாம்பல் விழுந்தது. மலையின் வடகிழக்குச் சரிவில் சூடான சாம்பலும் வாயுவும் கல்லும் ஒரே கொந்தளிப்பாக உருண்டு இறங்கி, முன்பு சேற்று வெள்ளம் விட்டுவைத்த மரங்களையும் துடைத்தெடுத்தன.

அந்த இடத்துக்கு இன்று டெவஸ்டேட்டட் ஏரியா, அதாவது பாழ்பட்ட நிலம், என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். சமதரை, எளிய சுற்றுப்பாதை; நடக்கச் சிரமப்படும் பெரியவர்களும் போகலாம். அங்கே கிடக்கும் கற்களைப் பாருங்கள். செம்மண் நிறக் கல் பழைய லாசன் குவிமாடத்தின் உடைசல். கருத்த கல் 1915 மே மாதக் குழம்பு. இவற்றுக்கிடையே வெள்ளையும் கருப்புமாக வரி போட்ட நுரைக்கல் துண்டுகள் கிடைக்கும். வெளிர்நிறம் டாசைட், கருநிறம் ஆண்டசைட்: இரு வேறு குழம்புகள். ஆழத்தில் ஒன்றோடொன்று மோதி, முழுதாகக் கலப்பதற்குள் வெடித்து வெளியே வந்து உறைந்துவிட்டன. அடியிலிருந்து புதிதாக வந்த சூடான குழம்பு, மேலே தேங்கியிருந்ததைக் கலக்கியதே அந்த வெடிப்புக்குக் காரணம் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. கையில் எடுத்துப் பார்க்கலாம். பார்த்த பின் அங்கேயே வைத்துவிட வேண்டும், ஒரு கல்லையும் எடுத்துவரக் கூடாது. அது பூங்காவின் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதையே சொல்வேன். அந்தக் கல் கிடந்த இடத்திலிருந்து பெயர்ந்தால் அது வெறும் கல்.

பாழ்பட்ட நிலம் என்ற பெயர் இன்று பொருந்தவில்லை. நூறு ஆண்டுகளுக்குள் பைன்களும் ஃபர்களும் ஆஸ்பென் மரங்களும் வந்துவிட்டன. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து யாரும் கொட்டவில்லை. லூமிஸ் எடுத்த படத்தில் மொட்டையாக இருக்கும் அதே இடத்தில் நாங்கள் நிழலில் நின்றோம். லூமிஸும் அவர் மனைவியும் இறந்துபோன தங்கள் மகளின் நினைவாக 1927இல் மன்சானிடா ஏரிக்கரையில் எரிமலைக் கல்லால் ஓர் அருங்காட்சியகம் கட்டி, பிறகு பூங்காவுக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தப் படங்கள் இன்று அங்கே இருக்கின்றன. முதலில் படத்தைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்ப்பதைவிட, நிலத்தில் நடந்துவிட்டுப் படத்தைப் பார்ப்பதே நல்லது.

அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில்தான் வயது வரிசை சற்றுப் பிசகுகிறது. கேயாஸ் கிராக்ஸ் என்ற 1,100 ஆண்டு வயதுக் குவிமாடங்கள் இடப்பக்கம் வருகின்றன. ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன் அவற்றின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்தது. கல்மலை சமவெளியில் பெரும் வேகத்தில் பரவி ஓடையை அடைத்தது. அப்படி உண்டானதுதான் அந்த மன்சானிடா ஏரி. மறுபடியும் அப்படி விழக்கூடும் என்ற அச்சத்தால் 1974இல் அந்தப் பகுதியின் கட்டடங்களை மூடினார்கள், அருங்காட்சியகத்தைப் பின்னர்த் திறந்தார்கள்.

இந்தச் சாலையில் இல்லாத இன்னொரு இளைய எரிமலையும் உண்டு: சிண்டர் கோன் என்ற கூம்பு. அதற்கு வேறு வழியாகப் போக வேண்டும். பூங்காவின் வடகிழக்கு மூலையில், பியூட் ஏரியிலிருந்து நடை தொடங்குகிறது. கிழக்கிலிருந்து குடியேறிகள் 1850களில் மாட்டுவண்டிகளோடு வந்த நோபிள்ஸ் வழித்தடத்தில்தான் முதலில் நடக்கிறோம். இடப்பக்கம் முழுவதும் கருங்கல் சுவராக உறைந்த குழம்பு நிற்கிறது, வலப்பக்கம் ஜெஃப்ரி பைன்கள். வெயிலேறிய பின் அந்த மரப்பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா மணக்கும். கொஞ்ச தூரத்தில் மரங்கள் விலக, ஒரு கருஞ்சாம்பல் கூம்பு ஒரு புல் பூண்டில்லாமல் எழுகிறது. ஏறும் பாதையெல்லாம் உதிரியான எரிமலைச் சிறுகல். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். பாதையில் 250 மீட்டர் ஏற்றம்தான், ஆனால் லாசன் சிகரத்தைவிட இதுவே காலுக்குக் கடினம். காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். கருந்தரை வெயிலை உறிஞ்சி, நண்பகலில் தாங்க முடியாத சூடு கக்கும்.

உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் காவியும் மஞ்சளுமாக மணல்மேடுகள் தெரிகின்றன. அவை மணல் அல்ல. இன்னும் ஆறாத குழம்பின்மேல் விழுந்த சாம்பல் அந்தச் சூட்டில் இரும்பு துருவேறி நிறம் பெற்றது. சூடு ஆறிய இடத்தில் விழுந்த சாம்பல் கருப்பாகவே இருந்துவிட்டது.

இந்தக் கூம்பின் வயதை வைத்து நீண்ட காலம் விவாதம் நடந்தது. 1850களில் இங்கே நெருப்பைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள், பத்திரிகைகளும் எழுதின. அது உண்மையென்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. விடை மரத்தில் இருந்தது. சாம்பல் மழையில் பிழைத்த மரங்கள் அந்த ஆண்டிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் சரியாக வளர முடியாமல் குறுகிய வளையங்களைப் போட்டிருந்தன. அவற்றை எண்ணி ஆண்டைக் கண்டார்கள். 1666. கூம்பு, வண்ண மேடுகள், கரிய குழம்புப் பாறைகள் எல்லாம் சில மாதங்களில் நடந்து முடிந்த ஒரே நிகழ்வு. குழம்பு ஓர் ஓடையை மறித்ததால் ஸ்னாக் ஏரி உண்டானது. 1666இல் இதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அட்சுகேவி மக்களும் மைடு மக்களும் அப்போது இங்கே வந்து போய்க்கொண்டிருந்தவர்கள். பிற்காலத்தில், 1950களில், அட்சுகேவி பெண்மணி செலினா லமார் பூங்காவின் முதல் பெண் இயற்கை விளக்குநராகப் பணியாற்றினார். கூடை முடைந்து காட்டி, தம் மக்களின் வாழ்வைப் பார்வையாளர்களுக்கு எடுத்துச் சொன்னார். எரிமலையைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் பூங்காவில் கடைசியாக எழுதப்பட்ட ஏடு எரிமலை எழுதியது அல்ல. 2021 ஜூலையில் தெற்கே தொடங்கிய டிக்ஸி காட்டுத்தீ, ஆகஸ்டில் பூங்காவுக்குள் வந்தது. மொத்தம் 9,63,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. பூங்காவின் பரப்பில் ஏறத்தாழ 69 விழுக்காடு தீயின் கைக்குப் போனது. ஹார்க்னஸ் மலையுச்சியில் பல பத்தாண்டுகளாகக் காட்டுத்தீயைக் கண்காணித்துவந்த கோபுரமும் எரிந்தது. கிழக்குப் பகுதியில் பல கிலோமீட்டர் தூரம் கருகிய அடிமரங்கள் மட்டும் நிற்கின்றன. என் மருமகன் சிறுவயதுக் குழந்தைகளோடு முன்பு கூடாரம் போட்ட இடம் அவற்றுள் ஒன்று. அவன் அங்கே வர விரும்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை, காரில் இருக்கச் சொல்லிவிட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தேன்.

எரிந்த காட்டைத் தவிர்த்துவிட்டுப் பசுமையான இடங்களுக்கு மட்டும் போகும்படி பயண ஆலோசனை சொல்கிறவர்களோடு நான் முரண்படுகிறேன். கருகிய தரையில் மன்சானிடாப் புதர்களும் வெண்முள் புதர்களும் முளைவிட்டிருந்தன. அவற்றின் விதைகள் பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும், நெருப்பின் சூடும் புகையும் பட்டால்தான் எழும். கருமுதுகு மரங்கொத்தி எரிந்த காட்டைத் தேடி வருகிறது. கருகிய பட்டைக்குள் இருக்கும் வண்டுப் புழுக்கள் அதற்கு இரை. மரத்தில் அது தட்டும் ஓசை அந்த வெறுமையில் வெகுதூரம் கேட்டது. இதைச் சொல்லி அந்தத் தீயை நான் நியாயப்படுத்தவில்லை. இந்தக் காடுகள் சிறுதீயோடு வாழ்ந்து பழகியவை. பழங்குடியினர் காலம் பார்த்துத் தரைமட்டத் தீயை வைத்துப் புதர்களைக் குறைத்துவந்தார்கள். அந்த வழக்கம் தடுக்கப்பட்டது, ஒரு நூற்றாண்டுக் காலம் எந்தத் தீயையும் உடனே அணைப்பதே கொள்கையாக இருந்தது. விறகு சேர்ந்துகொண்டே போனது. கோடையும் மேலும் மேலும் வறண்டது. இந்த இரண்டும் சேர்ந்தபோது தீ மரஉச்சி வரை ஏறி, விதை தரும் தாய்மரங்களையும் கொண்டுபோய்விட்டது. பாழ்பட்ட நிலம் நூறாண்டில் திரும்பியதற்குக் காரணம், அதன் இருபுறமும் விதை தரக் காடு நின்றிருந்ததுதான். இப்போது சில இடங்களில் அந்தக் காடே இல்லை. அங்கே புதரே நிலைத்துவிடுமோ, மரம் திரும்புமோ என்பதை அடுத்த தலைமுறைதான் பார்க்கும். இன்று பூங்காவினரும் பழங்குடியினரும் கட்டுப்பாடான தீயை மீண்டும் கொண்டுவர உழைக்கிறார்கள். அதற்குப் புகை வருகிறது என்று எதிர்ப்பவர்கள் உண்டு. அந்தச் சிறு புகையைப் பொறுத்துக்கொள்ளவே வேண்டும்.

லாசன் மறுபடியும் வெடிக்குமா என்ற கேள்வி உங்கள் மனத்தில் இருக்கும். வெடிக்கும். எப்போது என்பதற்கு நாள் குறிக்க முடியாது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை அங்கே நிலநடுக்கக் கருவிகளையும், தரை வீங்குகிறதா என்று அளக்கும் கருவிகளையும் வைத்துக் கண்காணிக்கிறது. குழம்பு மேலே ஏறத் தொடங்கினால் அவை முன்னறிவிப்புத் தரும். ஆவி வெடிப்புகள் முன்னறிவிப்பு இல்லாமலும் வரக்கூடும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஏற்ற காலம். சாலை திறந்திருக்கிறதா, சிகரப்பாதையில் பனி எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன் ரேஞ்சர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் பிற்பகலில் இடி மின்னல் வரும், நண்பகலுக்குள் சிகரத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும். பியூட் ஏரிக்குப் போகும் பாதையில் கடை எதுவும் இல்லை. குடிதண்ணீரை வீட்டிலிருந்தே நிறைய எடுத்துப் போங்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவே. இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.